டோட்டாவை விட்டாயிற்று, இனி எதை விளையாடுவது?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கல்லூரி நாளிலிருந்து, ஐந்து ஐந்து பேராக இரண்டு டீம்கள் ஆன்லைனில் மோதும் டோட்டா 2 கேமை விளையாடி வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு மேட்ச், மூன்று மேட்ச் என்று ஓடியது. ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவி கூப்பிட்டபோது, 'பத்து நிமிஷம், மேட்ச் முடியட்டும்' என்றேன். அது முடிய நாற்பது நிமிடம் ஆனது. மறுநாளே கேமை நீக்கிவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது, திரும்பிப் போகவில்லை. ஆனால் இரவானால் கை பரபரக்கிறது. முடிவு உள்ள கேமாக விளையாடலாம் என்று தள்ளுபடியில் 'தி விட்சர் 3' வாங்கினேன். எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. பிறகு 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை கேம். அதில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்துவிட்டேன். பயந்துபோய் அதையும் நீக்கினேன். முடிவும் இருந்து, மனசுக்கு நிறைவும் தருகிற கேம் உண்டா? இல்லை, இந்த ஆசையே பழைய பழக்கத்தின் பாக்கியா? 'குடியை விட்டவன் பீர் மட்டும் குடிக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்கு' என்கிறாள் மனைவி.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்)

பதில்:

உங்கள் மனைவி சொன்னது சுருக்கென்று தைக்கும் உவமைதான். ஆனால் உங்கள் விஷயத்துக்குப் பாதிதான் பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'கேமிங் டிஸார்டர்' என்ற பிரிவு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் விளையாடுகிறார் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. நிறுத்த நினைத்தும் முடியாமல் போகிறதா, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டதா, வாழ்க்கை கெடுவது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறாரா என்று பார்க்கிறது. அதுவும் பொதுவாக ஓராண்டு காலம் நீடித்திருக்க வேண்டும். நீங்கள் ஒரே நாளில் நிறுத்தினீர்கள், ஐந்து மாதமாகத் திரும்பவில்லை. ஆகவே இனி எந்த கேமையும் தொடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஸ்டார்டியூ வேலியில் விழித்த அந்த இரவை மட்டும் ஓர் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்கிறேன். பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். டோட்டாவில் நீங்கள் தோற்ற மேட்ச் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதில் எந்த நொடி உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது?

ஜெயித்த மேட்சைக் கேட்டால் பயனில்லை. ஜெயித்த பிறகு எல்லாமே இனிக்கும். தோற்றதைக் கேட்டால்தான் ஒருவர் அங்கே எதற்காகப் போனார் என்பது தெரியும். 'எதிர் டீம் ரோஷன் என்ற பெரிய அரக்கனை அடிக்கப் போகும் என்று ஊகித்து, வேவு பார்க்க அங்கே வார்டு வைத்தேன், சரியாக அந்த நேரத்தில் வந்தார்கள்' என்று சொல்பவர் ஒரு ரகம். 'மூன்று பேர் சுற்றி வளைத்தும் நூலிழையில் தப்பினேன்' என்பவர் வேறு ரகம். 'பசங்களோடு பேசிச் சிரித்தபடியே தோற்றோம்' என்பவர் இன்னொரு ரகம். தோற்றதில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை, எம்.எம்.ஆர். என்ற ரேங்க் எண் குறைந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

டோட்டா இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. நீங்கள் விட்சரில் தேடியதும் அந்த முழு மூட்டையைத்தான். அது எந்த ஒரு கேமிலும் கிடைக்காது. ஒன்றிரண்டு சரடுகள் கிடைக்கும், சில நேரம் டோட்டாவில் இருந்ததைவிடச் சுத்தமாகவே கிடைக்கும்.

ரேங்க் பற்றி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு என்னிடம் மாற்று எதுவும் இல்லை. ஹெரால்டிலிருந்து இம்மார்ட்டல் வரை நீளும் அந்த ஏணியில், உங்கள் திறமைக்குச் சமமானவர்களோடுதான் மேட்ச் அமையும். நீங்கள் தேறினால் எதிராளிகளும் தேறியவர்களாக வருவார்கள். அதனால் நீண்ட ஓட்டத்தில் எவரும் ஏறத்தாழ பாதி ஜெயித்துப் பாதி தோற்பார். ஐந்து வருடம் உழைத்துக் கற்றவருக்கும் இன்றைய இரவு, முதல் வருடத்து இரவைப் போலவே பூவா தலையாவாக இருக்கும். நீங்கள் முன்னேறியதற்குச் சாட்சி அந்த எண் ஒன்றே. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாத அந்த நிலைதான் கையைப் பரபரக்க வைக்கிறது. எத்தனையாவது தட்டலில் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் பரிசோதனைக்கூடத்தில் காட்டிச் சென்ற பழைய விஷயம் இது. முடிவுள்ள நல்ல கேம்களில் இந்தப் பரபரப்பு இருக்காது. முதல் இரண்டு மூன்று இரவுகள் சப்பென்றுதான் இருக்கும். அதை கேமின் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

விட்சர் ஏன் சலித்தது? உங்கள் கடிதத்தில் இல்லை, ஊகித்துச் சொல்கிறேன். முதல் பகுதியான வைட் ஆர்ச்சர்டு வரைபடத்தில் தெரியும் கேள்விக்குறிகளை எல்லாம் ஒன்று விடாமல் தேடிப்போய்த் தீர்த்தீர்கள், இல்லையா? ஆன்லைன் கேமிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். திரையில் இருக்கும் எந்தக் குறியையும் செய்யாமல் விட்டால் நஷ்டம் என்று வருடக்கணக்கில் பழகியிருக்கிறோம். நல்ல கதை உள்ள கேம் அது, மறுக்கவில்லை. ஆனால் மையக் கதைக்கே ஏறத்தாழ 50 மணி நேரம் வேண்டும். சுற்றுவேலைகளையும் சேர்த்தால் நூறைத் தொடும். நாள் முழுக்க பையருக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவில் ஃபாலோ-அப் செய்துவிட்டு வருபவருக்கு, இரவிலும் ஒரு பட்டியலை டிக் அடிக்கிற வேலை எதற்கு? முடிவு இருந்தால் மட்டும் போதாது. அது நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்திலும் இருக்க வேண்டும்.

ஸ்டார்டியூ வேலி இன்னும் சுவாரசியமான கேஸ். எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட கேம். ஒருமுறை விலை கொடுத்தால் சரி, அதற்குமேல் காசு கேட்காது, ரேங்க் இல்லை, உங்களை யாரும் திட்டப் போவதுமில்லை. இருந்தும் இரண்டு மணி வரை பிடித்து வைத்தது. காரணம் அதன் நாள் கணக்கு. கேமில் ஒரு நாள் நம் கடிகாரத்தில் கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த நாள் முடிந்து உங்கள் ஆள் தூங்கினால்தான் சேவ் ஆகும். தூங்கி எழுந்தால் விடிந்திருக்கும், பூசணி விளைந்திருக்கும், 'சரி, இதைப் பறித்துவிட்டு...' என்று அடுத்த நாள் தொடங்கிவிடும். நிறுத்த வேண்டிய இடமும் தொடங்க வேண்டிய இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் பண்ணையை உங்களுக்கு விட்டுச்சென்ற தாத்தாவின் ஆவி வந்து அதை மதிப்பிடும், அதை முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகும் நாள்கள் விடிந்துகொண்டே இருக்கும்.

இதே காரணத்தால் இன்னும் சிலவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 'ஹேடிஸ்', 'ஸ்லே தி ஸ்பயர்', 'பலாட்ரோ', 'சிவிலைசேஷன்' வரிசை. எல்லாமே அருமையானவை. தனியாக ஆடுபவை என்பதால் நண்பர்கள் முதலில் இவற்றைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் 'இன்னொன்று?' என்று கேட்பது இவற்றின் பிறவிக்குணம். டோட்டாவில் பழகிய கைக்கு இவை மிக நன்றாகப் பொருந்தும். அதனால்தான் சொல்கிறேன்.

சரி, எதை விளையாடுவது?

முதலில் மிகச் சிறியதாக ஒன்றை முழுக்க முடியுங்கள். 'எ ஷார்ட் ஹைக்' என்று 2019இல் வந்த கேம். மொபைல் சிக்னல் கிடைக்காத தீவில் ஒரு சின்னப் பறவை, ஒரு போன் அழைப்புக்காக மலையுச்சி ஏறுகிறது. அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை நான் சிபாரிசு செய்வது கதைக்காக அல்ல. ஒரு கேம் முடிந்து, செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடி, இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆவதை நீங்கள் ஒருமுறை அனுபவித்தாக வேண்டும். பத்து வருடமாக அது உங்களுக்கு வாய்க்கவே இல்லை. கை பழக்கத்தில் அடுத்ததைத் தேடும். தேடட்டும், அன்று வேறு எதையும் திறக்காமல் லேப்டாப்பை மூடிவிடுங்கள்.

அதற்கு அடுத்து, தோற்ற மேட்ச் பற்றிய கேள்விக்கு உங்கள் பதில் என்னவோ, அதைப் பொறுத்தது.

வார்டு வைத்ததும் ஊகம் பலித்ததும்தான் இனித்தது என்றால், நீங்கள் அதிர்ஷ்டசாலி. இந்த ரகத்துக்குத்தான் சரக்கு நிறைய இருக்கிறது. 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்', லூகாஸ் போப் உருவாக்கியது, 2018. காணாமல் போன ஒரு சரக்குக் கப்பல் 1807இல் ஆளில்லாமல் கரை ஒதுங்குகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடித்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம், அது ஒவ்வொருவரும் செத்த அந்தக் கணத்தை மட்டும் உறைந்த காட்சியாகக் காட்டும். மற்றபடி பேச்சு வழக்கு, உடுப்பு, படுக்கையின் எண், யார் யாரோடு நிற்கிறார் என்று நீங்களேதான் கோத்துப் பார்க்க வேண்டும். மாலுமிகளில் இந்தியர்களும் உண்டு. மூன்று பேருடைய விவரம் சரியானால்தான் கேம் ஒப்புக்கொள்ளும், ஆகவே குத்துமதிப்பாகப் போட்டுத் தப்பிக்க முடியாது. எட்டுப் பத்து மணி நேரத்தில் முடியும். ஷிப்மென்ட் தாமதத்துக்கு விளக்கம் எழுதியே பழகியவர் நீங்கள், இது கைவந்த கலையாக இருக்கும்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' எனக்கு இதைவிட ஒரு படி மேல். 2019இல் வந்தது. (ஏறக்குறைய இதே பெயரில் 'அவுட்டர் வேர்ல்ட்ஸ்' என்று இன்னொன்று அதே வருடம் வந்தது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.) ஒரு குட்டிச் சூரியக் குடும்பம், ஒரு மரத்தாலான விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும், நீங்கள் மறுபடி அதே கூடாரத் தீயருகே கண் விழிப்பீர்கள். ஆயுதம் சேராது, பலம் ஏறாது, பணமும் சேராது. போன சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும்தான் அடுத்த சுற்றுக்கு வரும். டோட்டாவிலும் அப்படித்தானே? ஒவ்வொரு மேட்சும் லெவல் ஒன்றில் தொடங்கும், போன மேட்சின் பொருள் எதுவும் கூட வராது, உங்கள் தலைக்குள் இருப்பதுதான் முதலீடு. நீங்கள் அங்கே நேசித்த விஷயம் இதுவாக இருந்தால், இங்கே எதிராளியின் வசவு இல்லாமல் அதே ருசி கிடைக்கும். குழந்தை அழுதால் நடுவில் அப்படியே விட்டுப் போகலாம், கண்டுபிடித்தது கலத்தின் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கும். டோட்டாவில் மேட்சைப் பாதியில் விட்டால் 'லோ பிரையாரிட்டி' தண்டனை. அந்தக் காய்ச்சல் நாளில் உங்களை நாற்காலியோடு கட்டிப்போட்டதில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. இந்த கேமுக்கு ஒரு நிபந்தனை: யூடியூபில் எதையும் பார்க்காதீர்கள். தெரிந்துகொள்வதுதான் கேம், தெரிந்துவிட்டால் கேம் இல்லை. அதனாலேயே இரண்டாவது முறை விளையாடவும் முடியாது. உங்களுக்கு இப்போது அது ஒரு வசதி.

கை வேகமும் நூலிழைத் தப்பிப்பும்தான் உங்கள் ரகம் என்றால் 'செலஸ்ட்'. 2018. மேடலின் என்ற பெண் மலை ஏறும் கதை. குதி, தாவு, சுவரைப் பிடி, இவ்வளவுதான் கட்டளைகள். ஒரு திரையில் நூறு முறை சாவீர்கள், ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி நிற்பீர்கள். நான் மேலே சொன்ன ஏணிக் கணக்கு இங்கே இல்லை, மலை உங்களோடு சேர்ந்து கடினமாவதில்லை. நேற்று ஒரு மணி நேரம் தண்ணி காட்டிய திரையை இன்று ஒரே மூச்சில் தாண்டும்போது, தேறியது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும். உச்சியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். 'பி-சைடு', 'சி-சைடு' என்று கூடுதல் கட்டங்கள் உண்டு, வழியெங்கும் ஸ்ட்ராபெரிகள் உண்டு. ஸ்ட்ராபெரியால் பெரிய பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று கேமே சொல்லிவிடுகிறது, அதை நம்புங்கள்.

பசங்களோடு பேசிச் சிரித்ததுதான் நினைவில் நிற்கிறது என்றால், உங்களுக்குக் கேமைவிட அந்தப் பசங்கள்தான் முதலில் தேவை. டோட்டாவை நீக்கிய அன்று உங்கள் டீமில் ஆடிய அந்த நாலு பேரும் சேர்ந்து போய்விட்டார்கள் என்பதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூடக் குறிப்பிடவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. ஒருவரையாவது போனில் கூப்பிடுங்கள். கேமாகத்தான் வேண்டும் என்றால் 'போர்ட்டல் 2' இருக்கிறது. 2011இல் வந்தது, இரண்டு ரோபோக்களாக இருவர் சேர்ந்து புதிர் அவிழ்க்கும் தனிப்பகுதி அதில் உண்டு. இரண்டு மூன்று வார இறுதிகளில் அது தீர்ந்துவிடும். 'தீர்ந்தது, அடுத்து டோட்டா டர்போ ஒன்று போடலாமா?' என்று அந்த நண்பர் கேட்பார். மேட்ச் சீக்கிரம் முடியும் என்பார். அதற்கான பதிலை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசித்தால் தப்பிக்க முடியாது.

வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். இவை எல்லாம் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கிடைக்கும், டோட்டா உட்கார்ந்திருப்பதும் அதே ஸ்டீமில்தான், இலவசமாக, ஒரு கிளிக் தூரத்தில். லைப்ரரியில் அதை மறைத்து வைக்க வழி உண்டு, நீங்கள் ஆன்லைனில் இருப்பது நண்பர்களுக்குத் தெரியாமல் வைக்கவும் வழி உண்டு, இரண்டையும் செய்யுங்கள். ஓப்ரா டின் போன்றவை ஜி.ஓ.ஜி. என்ற இன்னொரு ஆன்லைன் கடையிலும் விற்பனைக்கு இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வாங்குங்கள். தள்ளுபடி வந்துவிட்டது என்று பத்து வாங்கி அடுக்கினால், அதுவே முடிக்க வேண்டிய இன்னொரு பட்டியல் ஆகிவிடும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிடிக்காததை வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை.

இப்போது அந்த ஸ்டார்டியூ இரவு. முடிவுள்ள கேமிலும் அப்படி ஒரு இரவு வரலாம், ஓப்ரா டின்னில் இன்னும் மூன்று பேர்தான் பாக்கி என்றால் எனக்கே தூக்கம் வராது. எப்போதாவது ஒருமுறை என்றால் கவலை வேண்டாம். வாரத்தில் பாதி நாள் அப்படி ஆகிறது, காலையில் ஃபேக்டரியில் கண் சொக்குகிறது, வீட்டில் நேரத்தை மறைத்துச் சொல்கிறீர்கள் என்றால் கேமை மாற்றுவதில் பலனில்லை. மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேச வேண்டும். டெலி மானஸ் எண் 14416, மத்திய அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இணையம், கேம் பழக்கங்களுக்கென்றே 'ஷட்' என்ற தனி கிளினிக் 2014 முதல் நடக்கிறது. திருப்பூரிலிருந்து ஒரு இரவு ரயில் தூரம்தான்.

உங்கள் மனைவியிடம் எதையும் நிரூபிக்க முயல வேண்டாம். எந்த கேம், ஏறத்தாழ எத்தனை மணி நேரத்தில் முடியும், வாரத்தில் எந்தெந்த இரவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டோட்டாவுக்கு இந்த இரண்டாவது கேள்விக்கு உங்களால் பதில் சொல்லியிருக்க முடியாது, இதற்கு முடியும். அவருக்கு விருப்பம் இருந்தால் 'வெண்பா'வை இருவரும் சேர்ந்து விளையாடிப் பாருங்கள். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, அதில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரம், குழந்தை தூங்கிய பிறகு தொடங்கினால் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். முதல் புதிர் இட்லி. மௌஸை அவரிடம் கொடுங்கள்.